மின்கம்பி எட்டாத தோப்பு வீட்டில் வெந்நீர்: இராமநாதபுரக் கரையில் புதிதாகக் குடியேறுவோருக்கு

பெரியபட்டினம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்துத் தோப்புகளில் சிறு வீடு கட்டிக்கொண்டு வருகிறவர்கள், விளக்குக்கும் மின்விசிறிக்கும் சோலார் பலகை போட்டு முடித்த பிறகுதான் வெந்நீரைப் பற்றி நினைக்கிறார்கள். சித்திரை வெயிலில் இடம் பார்க்க வந்தவருக்கு இந்த ஊரில் வெந்நீர் எதற்கு என்று தோன்றுவது இயல்பே. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கி, மப்பும் மந்தாரமுமாக நான்கைந்து நாள் நிற்கும்போது, கைக்குழந்தையோ முட்டுவலியுள்ள பெரியவரோ இருக்கும் வீட்டில் அந்த எண்ணம் ஒரே விடியலில் மாறிவிடும். மீன் ஆய்ந்த பாத்திரத்தின் பிசுக்கும் பச்சைத் தண்ணீருக்கு எளிதில் போவதில்லை.

இங்கே வெயிலுக்குக் குறைவில்லை; விறகுக்கும் குறைவில்லை. குறை தண்ணீரில்தான் இருக்கிறது. ஆகவே வெயிலைப் பார்த்துச் சாதனம் வாங்காமல், உங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்து வாங்குங்கள் என்பதே பல ஆண்டுகள் தோப்பில் இருந்து நான் கற்றுக்கொண்டது. கீழே சொல்லும் வேலைகளை அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

முதல் வேலை: தண்ணீரை அறிதல்

இந்தக் கரையின் மணலில் மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. நல்ல நீர் உப்பு நீரைவிட எடை குறைந்தது என்பதால் இப்படி நிற்கிறது. தனுஷ்கோடியில் மணலைக் கையால் தோண்டி, ஊறி வரும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதை இன்றும் காணலாம்; சில அடி ஆழத்தில் குடிக்கத்தக்க நீர், அதற்குக் கீழே உவர். இதன் பொருள், ஆழமான போர்வெல் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்ற உள்நாட்டுக் கணக்கு இங்கே பெரும்பாலும் செல்லாது என்பதாகும். ஆழம் குறைந்த அகலக் கிணறு தரும் நீரே மேல். அதிலும் மோட்டார் வைத்து ஓயாமல் இறைத்தால் கோடையில் உப்பு மேலேறிவிடும்.

உங்கள் நீரின் தன்மையை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். ஒரே அளவான இரண்டு பாட்டில்களில் ஒன்றில் மழைநீரையும் மற்றொன்றில் கிணற்று நீரையும் பாதியளவு நிரப்பி, இரண்டிலும் ஒரே அளவு குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மழைநீர் கழுத்துவரை நுரைக்கும். கிணற்று நீர் நுரைக்காமல் வெண்மையாகத் திரிந்து நின்றால் அது கடின நீர். சூடாக்கும் எந்தப் பாத்திரத்திலும் சுண்ணாம்புப் படிவு கட்டும். உப்பளவைக் காட்டும் சிறு டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாதபோது 2000 வரை ஏற்கலாம். குளோரைடு 250-க்குள் இருக்க வேண்டும், 1000 வரை பொறுக்கலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தால் குளோரைடையும் கடினத்தன்மையையும் தனித்தனியாக எழுதித் தருவார்கள். மீட்டர் அதைச் சொல்லாது. அந்தக் குளோரைடு அளவுதான் பிறகு நீங்கள் எந்த உலோகத்தில் தொட்டி வாங்கலாம் என்பதைத் தீர்மானிக்கும்.

இதை நான் செய்யாமல் விட்டேன். முதல் ஆண்டிலேயே கூரையில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டரைப் பொருத்தி, போர்வெல் உவர் நீரை அப்படியே ஏற்றினேன். இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் தொட்டியின் வெளித்தகட்டு ஓரத்தில் ஈரம் கசிந்தது. பிரித்துப் பார்த்தபோது உள்தொட்டியின் பற்றவைப்பு ஓரமாக ஊசி குத்தியதுபோல் ஏழெட்டுத் துளைகள் இருந்தன. துருவே பிடிக்காது என்று நம்பி வாங்கிய எவர்சில்வர் அது. சாதாரண 304 ரக எவர்சில்வர், குளோரைடு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டும்போதே இப்படிப் புள்ளி புள்ளியாக அரிபடத் தொடங்கும், நீர் சூடாக இருந்தால் அதற்கு முன்பே அரிபடும் என்பதைப் பணம் போன பிறகுதான் அறிந்தேன். உத்தரவாதச் சீட்டில் உப்பு நீருக்குப் பொறுப்பில்லை என்ற வரி சிறிய எழுத்தில் இருந்தது.

இரண்டாம் வேலை: எவ்வளவு சூடு வேண்டும் என்று கணக்கிடுதல்

இது கடினமான கணக்கன்று. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். மார்கழி விடியலில் நம் தொட்டி நீர் ஏறத்தாழ 26 டிகிரியில் இருக்கும். குளிக்க 40 டிகிரி போதும். 20 லிட்டர் வாளி ஒன்றுக்கு 14 டிகிரி உயர்வு என்றால் 280 கிலோ கலோரி, அதாவது மின்சாரக் கணக்கில் மூன்றில் ஒரு யூனிட். மலையூர்க்காரருக்குத் தேவைப்படுவதில் இது பாதியளவுகூட இராது. நான்கு பேர் குளிக்க ஒரு நாளைக்கு 1.3 யூனிட் அளவு வெப்பம் போதும்.

இனி நம் வீடுகளில் எப்போதும் செய்துவரும் விளாவுதலைக் கணக்கோடு பாருங்கள். 4 லிட்டர் கொதிநீரோடு 16 லிட்டர் பச்சைத் தண்ணீர் சேர்த்தால் 20 லிட்டரும் 40 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். சோலார் தொட்டியிலிருந்து 60 டிகிரி நீர் வருமானால் 8 லிட்டருக்கு 12 லிட்டர் விளாவ வேண்டும். ஆக, சூடாக்க வேண்டிய நீர் வாளிக்கு நான்கு முதல் எட்டு லிட்டர்தான். சுண்ணாம்புப் படிவு சூடாக்கும் இடத்தில்தான் கட்டுகிறது என்பதால், அந்தச் சிறிதளவுக்கு மட்டும் மழைநீரையோ ஊற்று நீரையோ பயன்படுத்திவிட்டு, விளாவுவதற்குச் சற்றே உவரான கிணற்று நீரைச் சேர்த்துக்கொண்டால் பாத்திரமும் பிழைக்கும், நல்ல தண்ணீரும் மிஞ்சும். இந்த ஒரு பழக்கம் எங்கள் வீட்டில் பாதித் தொல்லையைத் தீர்த்துவிட்டது. கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பிடிக்க ஒரு 1000 லிட்டர் தொட்டி வையுங்கள். முதல் மழையின் தூசி நீரை வெளியே விட்டுவிட்டு அடுத்த மழையிலிருந்து பிடியுங்கள். மூடி இறுக்கமாக இருந்தால் கொசுவும் இறங்காது, பாசியும் பிடிக்காது.

அதே கணக்கு, வாங்கக் கூடாதது எது என்பதையும் சொல்லிவிடும். வாளியில் போடும் மின்கம்பிச் சுருள் ஹீட்டர் 1500 வாட் இழுக்கும். 12 வோல்ட் இன்வெர்ட்டரில் அது பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சுவதாகும். 150 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியின் முழுக் கொள்ளளவு 1.8 யூனிட், ஆயுள் கெடாமல் எடுக்கத்தக்கது அதில் பாதி. மூன்று வாளி சூடாவதற்குள் அந்தப் பாதி தீர்ந்து, அன்று இரவு விளக்கும் விசிறியும் இல்லாமல் இருக்க நேரும். வெயிலை மின்சாரமாக்கி, பேட்டரியில் அடைத்து, மறுபடி வெப்பமாக மாற்றுவதில் ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. வெயிலின் சூட்டை நேராகத் தண்ணீரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வேலை: முதல் நாளிலிருந்தே வெந்நீர் தரும் அடுப்பு

வீட்டு வேலை முடியுமுன்பே கொடி அடுப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். தாய் அடுப்பில் சோறு கொதிக்கும்போது அதன் பக்கவழியே செல்லும் அனல், கொடியின்மேல் இருக்கும் பானையைச் சும்மாவே சூடாக்கும். உலை வைத்தவுடன் கொடியில் எட்டு லிட்டர்த் தவலையை ஏற்றிவிட்டால், கஞ்சி வடிக்கும் நேரத்தில் தவலையின் விளிம்பில் ஆவி படர்ந்து, அடியில் சிறு குமிழ்கள் ஒட்டத் தொடங்கி, ‘சுர்’ என்ற மெல்லிய இரைச்சல் கேட்கும். அந்த இரைச்சல் கேட்டால் இரண்டு பேர் குளிக்க நீர் ஆயிற்று என்று எடுத்துக்கொள்ளலாம். தனி விறகு ஒரு சுள்ளிகூடச் செலவாகவில்லை.

பெரிய குடும்பத்துக்கு நடுவில் குழல் வைத்த செம்பு பாய்லர் நல்லது. குழலுக்குள் கரியோ சிரட்டையோ எரிய, சுற்றிலும் நீர் நிற்பதால் சூடு வெளியே போவது குறைவு. மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் ஏழில் ஒரு பங்குகூடப் பாத்திரத்தில் இறங்காது. ஒரு வாளிக்கு அரைக் கிலோ விறகு ஆகும். பாய்லரில் அதில் பாதியளவு போதும் என்பது என் அனுபவம். நீர் ஊற்றாமல் ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். இணைப்பின் ஈயம் உருகி ஓடிவிடும். மூடியை ஆணி அடித்தோ எடை வைத்தோ இறுக்காதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாத கொதிகலன் வெடித்துவிடும். இது டிரம், பால் கேன் என எதை அடுப்பில் வைத்தாலும் பொருந்தும். உள்ளே வெள்ளைப் படிவு கட்டினால் புளிக்கரைசலை ஊற்றி ஓரிரவு ஊறவிட்டுத் தென்னை நாரால் தேய்த்தால் பெயர்ந்துவிடும்.

விறகைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மாவட்டத்தில் கரிமூட்டம் போடும் தொழிலே சீமைக் கருவேலத்தை நம்பித்தான் நடக்கிறது. அடர்த்தியான மரம், நின்று எரியும், கங்கு நெடுநேரம் இருக்கும். உடை மரமும் அப்படியே. தென்னம்பாளை, மட்டை, பனைமட்டை ஆகியவை பற்றவைக்க ஏற்றவை, உடனே எரிந்து தீர்ந்துவிடும். எதுவானாலும் புரட்டாசிக்குள் வெட்டிக் காயவைத்துக் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள்; வாடை மழையில் நனைந்த விறகை ஊதிக்கொண்டிருப்பவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு.

கடற்கரையில் ஒதுங்கும் மரத்துண்டுகளை, இலவசமாகக் கிடைக்கிறதே என்று எரிக்காதீர்கள். உப்பு ஊறிய மரம் எரியும்போது டையாக்சின் என்னும் நச்சு உண்டாகிறது, அடுப்பின் இரும்பையும் அரிக்கிறது. பழைய வள்ளத்துப் பலகையில் பெயிண்டும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் மோசம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக உள்ளன. அங்கிருந்து சுள்ளி பொறுக்கி வருவதும் குற்றம்.

அடுப்பின் இடம் முக்கியம். வெந்நீர் அதிகம் தேவைப்படும் மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அடுப்பின் வாய் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது. பார்த்தால் விறகு தாறுமாறாக எரிந்து பொறி பறக்கும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மணலும் சேர்ந்து வரும் என்பதால் அந்தப் பக்கம் இடுப்பளவு மறைப்புச் சுவர் எழுப்புங்கள். ஓலைக் கூரையிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கட்டும்.

நான்காம் வேலை: வெயில் பெட்டி

கையில் பணம் குறைவாக இருப்பவரும், நீர் உவராக இருப்பவரும் முதலில் இதையே செய்யுங்கள் என்பேன். எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்ட அண்டாவில் நீர் நிறைத்து முற்றத்து வெயிலில் வைப்பார்கள். வெயில் பெட்டி அதன் தொடர்ச்சிதான். 60 லிட்டர் கொள்ளும் கறுப்பு நிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை, முன்பு எந்த மருந்தோ ரசாயனமோ வைக்காததாகப் பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக்கை உப்பு அரிக்காது என்பதே இதன் பெரிய நன்மை. டிரம் படுத்த நிலையில் அடங்கும் அளவில், நீரில் உப்பாத பலகையால் ஒரு பெட்டி செய்து, அடியிலும் நாற்புறமும் மூன்று அங்குலம் கனத்துக்கு நன்றாகக் காய்ந்த தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் பளபளக்கும் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். மேலே 4 மில்லிமீட்டர் சன்னல் கண்ணாடி. அது தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். கண்ணாடியின் பரப்பு ஒரு சதுர மீட்டர் அளவுக்காவது இருக்கட்டும். ஓரங்களைச் சிலிக்கான் பசையால் அடைக்காவிட்டால் உள்ளே ஈரம் புகுந்து நார் மக்கிவிடும்.

டிரம்மின் மேற்புறம் நீர் ஊற்ற ஒரு வாய், அடியில் ஒரு குழாய். வேறு எதுவும் வேண்டா. காலை எட்டு மணிக்கு நிறைத்தால் நல்ல வெயில் நாளில் பிற்பகல் நான்கு மணிக்கு 45 முதல் 55 டிகிரி வரை இருக்கும். அதற்கு மேல் சூடு ஏறாது, இறங்கத்தான் செய்யும். ஆகவே உடனே கண்ணாடியின்மேல் பழைய கம்பளியோ இரட்டைச் சாக்கோ போட்டு மூடிவிட வேண்டும். என் யோசனை, குளிக்கும் நேரத்தையே மாலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. வெயில் கொடுத்த சூட்டை இரவு முழுவதும் காத்து வைக்க முயல்வதைவிட, விளக்கேற்றுமுன் எல்லோரும் குளித்து முடிப்பது எளிது.

சமையலறைக்கு மட்டும் சிறிது வேண்டுமென்றால் அதைவிட எளிய வழி உண்டு. துளையிடாத 16 மில்லிமீட்டர் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் 100 மீட்டர்ச் சுருள் ஒன்றைக் கூரைமேல் தட்டையாகப் பரப்பி வைத்தால் அதற்குள் ஏறத்தாழ 15 லிட்டர் நீர் நிற்கும். உச்சி வெயிலில் திறந்தவுடன் கையைச் சுடும், எனவே குழந்தைகளை அருகே விடாதீர்கள்.

ஐந்தாம் வேலை: கண்ணாடிக் குழாய் சோலார் ஹீட்டர்

வெயில் பெட்டியில் ஓராண்டு பழகிய பிறகு இதற்குப் போகலாம். பம்ப் வேண்டாத, சூடான நீர் தானே மேலேறும் வகையையே வாங்குங்கள். செம்புக் குழாய்த் தட்டு வகையின் மெல்லிய குழாய்கள் கடின நீரில் அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் வகை அதைத் தாங்கும். விளாவும் கணக்குப்படி நான்கு பேருக்கு 60 டிகிரி நீர் 32 லிட்டர்தான் ஆகும் என்பதால், 100 லிட்டர்த் தொட்டியே தாராளம். ஒரு நாள் வெயில் முகம் காட்டாவிட்டாலும் மறுநாளுக்கு ஓரளவு மிஞ்சும்.

உள்தொட்டி, 304-ஐவிட உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 ரக எவர்சில்வரா, எனாமல் பூசியதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எனாமல் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியக் கம்பி, தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அதைக் காக்கிறது. உப்பு நீரில் அது வேகமாகத் தேயும் என்பதால் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்ற வேண்டும். குளிர்நீர்த் தொட்டியின் அடி, ஹீட்டர் தொட்டியின் தலையைவிட ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். ஆவியும் காற்றும் வெளியேறும் காற்றுக்குழாயின் முனை குளிர்நீர்த் தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக, எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். எறும்பு, குளவி கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்று மாதமொருமுறை பாருங்கள். வெந்நீர் வரும் வழியில் சாதாரண பிவிசி குழாய் போட்டால் 60 டிகிரியிலேயே நெகிழ்ந்து தொய்யும். சூட்டைத் தாங்கும் சிபிவிசி குழாய் போடச் சொல்லுங்கள்.

குழாய்களை நிரப்புவது விடியலிலோ பொழுது சாய்ந்த பிறகோதான். உச்சிப் பொழுதில் காலியாகக் காய்ந்து கிடந்த குழாய்க்குள் பச்சைத் தண்ணீர் இறங்கினால் கண்ணாடி அந்த நொடியிலேயே விரிசல் விட்டுத் தெறிக்கும். மூன்று குழாய்களை நான் அப்படி இழந்தேன். தென்னைக்கு அடியில் வைக்காதீர்கள்: நிழல் ஒரு காரணம், விழும் நெற்று இன்னொரு காரணம். தாங்கு சட்டத்தின் கால்களைக் கான்கிரீட்டில் பதியுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது; வடக்கே தொண்டிப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் அந்தக் காற்றை மனத்தில் வைத்தே சட்டத்தை அமைக்க வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு கண்ணாடியில் மங்கலாகப் படியும். வாரமொருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போல்ட்டுகளுக்குக் கிரீஸ் தடவி வைத்தால் பழுது பார்க்கும்போது கழற்ற முடியும்.

எரிவாயுவைப் பற்றி

மழை நாளுக்கு இது கைகொடுக்கும். நல்ல அடுப்பில், காற்றுப் படாத இடத்தில், வாளிக்கு 40 கிராம் வாயு போதும், 14.2 கிலோ உருளையொன்றில் 330 வாளிக்கு மேல் வரும். ஆனால் சுவரில் மாட்டும் கேஸ் கீசரை உவர் நீர் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதன் மெல்லிய செம்புச் சுருள் படிவால் அடைத்துக்கொள்ளும். நீரழுத்தம் குறைந்த தாழ்வான தொட்டியில் பற்றாமலும் போகும். அதைவிட முக்கியமாக, குளியலறைக்குள் அதை மாட்டிக் கதவைச் சாத்திக்கொள்வது உயிருக்கு ஆபத்து. எரியும் வாயுவிலிருந்து கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமுமில்லை, கண்ணெரிச்சலுமில்லை. கரிச்சட்டியும் அப்படித்தான்: புகையில்லை என்பதால் குளிருக்கு அறைக்குள் எடுத்து வைத்துப் படுத்துவிடாதீர்கள். சமையல் அடுப்பில் நான்கு லிட்டர் கொதிக்கவைத்து விளாவிக்கொள்வது போதும்.

விளாவும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அதன் பிறகே கொதிநீரைச் சேருங்கள். கொதிநீர் மட்டும் நிற்கும் வாளியருகே தவழும் குழந்தை வர ஒரு நொடி போதும். 60 டிகிரி நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும். குழந்தைக்கு ஊற்றுமுன் முழங்கையை நனைத்துப் பாருங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு வாரக்கணக்கில் வெளியூர் போகும்போது, சோலார் குழாய்களின்மேல் சாக்கையோ தார்ப்பாயையோ போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் யாரும் எடுக்காத நீர் கொதித்து ஆவியாகிக் குழாய்கள் காய்ந்துபோகும். வெயில் பெட்டி டிரம்மைக் காலி செய்து வாயைத் திறந்து வையுங்கள். திரும்பி வந்ததும், தொட்டியில் பல நாள் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடந்த நீரை அப்படியே தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டா. அந்தச் சூட்டில்தான் கிருமி பெருகும். போர்வையை மாலையில் நீக்கி, பழைய நீரைத் தென்னைக்குத் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பி, மறுநாள் முழு வெயில் ஏறவிட்ட பிறகு குளியுங்கள். வந்த அன்றைக்குக் கொடி அடுப்பு இருக்கிறது.